முப்பது டிகிரி வெயிலில் தோட்டத்துச் சாப்பாடு: 10 பவுண்டுக்குள் எந்த ஒயின்?

தேம்ஸ்கரை:
ஜூலை கடைசியில் வீட்டுத் தோட்டத்தில் மதியச் சாப்பாடு, 12 பேர் வருகிறார்கள். லண்டன்தான் என்றாலும் அந்த வாரம் 30 டிகிரியைத் தொடும் போலிருக்கிறது, நிழலுக்கு ஒரு மரமும் ஒரு குடையும்தான் இருக்கின்றன. வஞ்சிர வறுவல், இறால், கோழி சுக்கா, அப்புறம் சாலட். ஐரோப்பிய ஒயின் மட்டும் வாங்குவதாக முடிவு, பாட்டில் 10 பவுண்டைத் தாண்டக் கூடாது. மனைவிக்கு வெளிர் ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) வேண்டும், மைத்துனருக்குச் சிவப்பு இல்லாவிட்டால் சாப்பாடே இறங்காது.

என் கட்சி இது: வெயிலுக்கு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஆல்கஹால் சதவீதம். 12க்கு மேல் இருந்தால் தொடவே வேண்டாம். உடம்புக்கும் நல்லது, காசுக்கும் நல்லது. 2023 ஆகஸ்டிலிருந்து பிரிட்டனில் ஒயின் வரி ஆல்கஹால் அளவை வைத்துத்தான், 2025 பிப்ரவரியில் இடைக்காலச் சலுகையும் போய்விட்டது. அந்த பிப்ரவரி வீதப்படி 11 சதவீத பாட்டிலுக்கு வரி சுமார் 2.44 பவுண்டு, 14.5 சதவீதத்துக்கு 3.21. முக்கால் பவுண்டு வித்தியாசம். அதை ஏன் அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும்? மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

நாந்த்வாசி:
முழுக்க உங்கள் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு மஸ்கடே என்ற வெள்ளை ஒயினை வாங்குங்கள், லேபிளில் "செவ்ர் எ மேன்" (விளையும் பகுதி), "சூர் லீ" (வண்டல்மேல்) இரண்டும் இருக்க வேண்டும். பிரான்ஸில் எங்கள் நாந்த் ஊரைச் சுற்றி விளைவது, 12 சதவீதம் வாக்கில்தான் இருக்கும். அந்தத் திராட்சைக்கு வாசனை குறைவு என்று பலர் ஒதுக்குகிறார்கள், ஆனால் வெயிலில் அதுதான் அதன் பலம். நொதித்து முடிந்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை எடுக்காமல் குளிர்காலம் முழுக்க அதன்மேலேயே வைத்திருந்து, மார்ச்சுக்குப் பிறகு அப்படியே பாட்டிலில் அடைக்கிறார்கள். அதனால் நாக்கில் லேசாகச் சுள்ளென்று ஒரு குத்தல், புளிப்புக்கு அடியில் ஒரு மாவுத்தன்மை, முடிவில் உப்புச் சுவை. இங்கே சிப்பியோடு குடிப்பார்கள், உங்கள் இறாலுக்கும் அதே நியாயம்தான்.

போர்ச்சுகலின் வின்யு வெர்டேயும் பார்க்கலாம், 9 முதல் 11.5 சதவீதம் வரை கிடைக்கும். ஆனால் அறுவடை ஆண்டு போடாத பாட்டிலை எடுக்காதீர்கள். மலிவானவற்றில் குமிழ் வருவது பெரும்பாலும் அடைக்கும்போது ஏற்றும் வாயுவால்தான், கொஞ்சம் இனிப்பும் விட்டிருப்பார்கள். லேபிளில் லோரெய்ரோ என்று திராட்சைப் பெயர் இருந்தால் நம்பி எடுக்கலாம்.

கரிகாலன்_77:
இந்தச் சதவீதக் கணக்கே அடிப்படையில் தப்பு. நான் இருப்பது ஸ்பெயினின் செவில்லில், கோடையில் 40 டிகிரி இங்கே சர்வசாதாரணம். இந்த வெக்கையில் ஊரே குடிப்பது மன்சனியா, ஃபினோ. இரண்டும் இனிப்பில்லாத ஷெர்ரி வகை, 15 சதவீதம்! எப்படி முடிகிறது? கிளாஸ் சிறியது, ஒயின் பனிக்குளிர்ச்சி, கையில் எப்போதும் ஒரு ஆலிவோ பொரித்த மீனோ இருக்கும். 75 மில்லி மன்சனியாவில் இருக்கும் ஆல்கஹால் 11 மில்லிதான். நீங்கள் லண்டனில் ஊற்றும் 175 மில்லி கிளாஸில் 11 சதவீத ஒயினை ஊற்றினால் 19 மில்லி. இப்போது சொல்லுங்கள், உடம்புக்கு எது நல்லது?

சுவை என்று வந்தால் பொரித்த மீனுக்கு இதைவிட ஒன்று கிடையாது. பீப்பாயில் ஒயினின் மேல் ஃப்ளோர் என்கிற ஈஸ்ட் படலம் மூடிக் கிடக்கும், அது மிச்சமிருக்கும் கிளிசராலையும் தின்றுவிடும். சொட்டு இனிப்பு இல்லாமல், ஊறவைத்த பாதாம் தோலும் கடல் உப்பும் கலந்த மாதிரி ஒரு சுவை. 375 மில்லி அரை பாட்டிலாகவும் கிடைக்கிறது. பல ஆண்டு ஒயின்களைப் பீப்பாய் பீப்பாயாகக் கலந்து பழக்கி எடுக்கும் ஒயின் இந்த விலைக்கு ஐரோப்பாவில் வேறு எங்கே கிடைக்கிறது?

தேம்ஸ்கரை:
அண்ணே, ஷெர்ரி என்றாலே இங்கே பலருக்கு கிறிஸ்துமஸுக்குப் பாட்டி குடிக்கும் இனிப்புச் சரக்குதான் ஞாபகம் வரும். 12 பேரில் எத்தனை பேர் தொடுவார்கள்? மேலும் தோட்டத்து விருந்தில் 75 மில்லி அளந்து யார் ஊற்றுவது? கையில் கிடைத்த கிளாஸ் நிறைய ஊற்றிக்கொண்டு அதை மூன்று தடவை செய்வார்கள். மனிதர்கள் உண்மையில் எப்படிக் குடிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் சதவீதம் பேசுகிறேன்.

செவ்வந்தி_மார்செய்:
ரோஸே பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. உங்கள் மனைவி கேட்டது சரியான ஒயின். ஆனால் புரோவான்ஸ் பெயருக்கும் வெளிர் நிறத்துக்கும் காசைக் கொட்டாதீர்கள். நிறம் என்பது தோலோடு சாறு எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பொறுத்தது, தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இங்கே பயிராகும் அதே கிரனாஷ், சின்ஸோ திராட்சையில் பக்கத்து லாங்டாக்கில் செய்த ரோஸே பல பவுண்டு குறைவு. ஸ்பெயின் பக்கம் போனால் நவார்ராவின் கார்னாச்சா ரோஸே இன்னும் அடர்த்தி, இன்னும் மலிவு. உங்கள் கோழி சுக்காவுக்கு அதுதான் தாக்குப்பிடிக்கும், மஸ்கடே மசாலாவுக்கு முன்னால் காணாமல் போய்விடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ரோஸே பெரும்பாலும் நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் வருகிறது. கடையில் ஜன்னல் ஓரத்திலோ டியூப்லைட் அடியிலோ நாள்கணக்கில் நின்றால் வெளிச்சம் பட்டே கெட்டுவிடும். திறந்தால் பழ வாசனை போய் வெந்த முட்டைக்கோஸ் வாடை அடிக்கும். அதனால் அலமாரியில் பின்வரிசையில் கை விட்டு எடுங்கள், இல்லையென்றால் அட்டைப்பெட்டியோடு கேட்டு வாங்குங்கள். ஆண்டும் பாருங்கள், இந்த விலை ரோஸே போன வருட அறுவடையாக இருக்க வேண்டும்.

நாந்த்வாசி:
அக்கா, மன்னிக்கவும், 10 பவுண்டு ரோஸேயில் ஒயின் எங்கே இருக்கிறது? ஸ்ட்ராபெரி மிட்டாய் வாசனை, அப்புறம் ஒன்றுமில்லை. அழகான பாட்டிலுக்கும் கடற்கரைப் படத்துக்கும்தான் பணம் போகிறது.

செவ்வந்தி_மார்செய்:
மிட்டாய் வாசனை மிகக் குளிரில் நொதிக்க வைத்த ஆலை ஒயினில் வரும், அதே முறையில் செய்த மலிவு வெள்ளையிலும்தான் வரும். ஒரு வகையின் மோசமான பாட்டிலை வைத்து மொத்த வகையையும் தள்ளினால் உங்கள் மஸ்கடேயில் பச்சை எலுமிச்சைத் தண்ணீராக விற்பதைப் பற்றி நானும் பேசலாம். ரோன் பள்ளத்தாக்கில் தவெல் என்று ஒரு ஊர், அந்தப் பெயரில் ரோஸே தவிர வேறு ஒயின் விற்கவே முடியாது, 1936லிருந்தே அங்கே அதுதான் சட்டம். கிட்டத்தட்ட மாதுளைச் சாறு நிறம். அது 10 பவுண்டைத் தாண்டும், அதனால் இந்தப் பட்டியலுக்கு வராது, ஆனால் ஒருமுறை ஆட்டுக்கறி வறுவலோடு குடித்துவிட்டு வந்து என்னோடு பேசுங்கள்.

பர்மிங்காம்_கணக்கன்:
வரிக் கணக்கில் ஒன்று விட்டுப்போச்சு. 12.5 சதவீத பாட்டிலுக்கு அதே வீதத்தில் வரி 2.77. அதோடு விற்பனை வரி 20 சதவீதம். 7 பவுண்டு பாட்டிலில் இரண்டும் போக மிச்சம் 3.06. அதற்குள்தான் ஒயின், கண்ணாடி, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். 10 பவுண்டு பாட்டிலில் மிச்சம் 5.56. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 3 பவுண்டில் இரண்டரை அப்படியே ஒயின் பக்கம் போகிறது. அதனால் சதவீதத்தில் முக்கால் பவுண்டு மிச்சம் பிடிப்பதைவிட 7 பவுண்டு பாட்டிலைத் தவிர்ப்பதுதான் லாபம். பிரான்ஸில் இருப்பவர்கள் விலையை ஒப்பிட்டுப் பேச வேண்டாம், அங்கே சாதாரண ஒயின் பாட்டிலுக்கு வரி மூன்று சென்ட் அளவுதான்.

வியன்னா_வாணி:
இவ்வளவு சண்டை எதற்கு? சோடா வாங்குங்கள். ஆஸ்திரியாவில் கோடை முழுக்க வெள்ளை ஒயினில் பாதிக்குப் பாதி சோடா ஊற்றிக் குடிக்கிறோம். 12 சதவீதம் ஆறாகிவிடும், தாகமும் அடங்கும், சாயங்காலம் தலையும் வலிக்காது. அதற்கென்றே க்ரூனர் வெல்ட்லீனர் என்ற வெள்ளை ஒயின் ஒரு லிட்டர் பாட்டிலில் வருகிறது, சில பாட்டில்களுக்கு பீர் மாதிரி தகர மூடிதான். லண்டனிலும் சில கடைகளில் கிடைக்கும்.

காரத்தைப் பற்றியும் யாரும் யோசிக்கவில்லை. மிளகாய்க்கு மேல் ஆல்கஹால் போனால் எரிச்சல் கூடும். லேசான இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும்தான் அதை அணைக்கும். ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங் கபினெட் என்ற வெள்ளை ஒயின், 8 அல்லது 9 சதவீதம், இனிப்பும் புளிப்பும் சரிபாதியாக இழுத்துப் பிடிக்கும். நல்லது 10 பவுண்டுக்குள் அகப்படுவது சிரமம். இந்த ஒன்றில் மட்டும் உங்கள் எல்லையைக் கொஞ்சம் தளர்த்துங்கள், சுக்கா அவ்வளவு காரம் என்றால் கட்டாயம்.

நாந்த்வாசி:
சோடாவா! ஒருத்தர் குளிர்காலம் முழுக்க வண்டல்மேல் வைத்துப் பாடுபட்டு எடுத்ததை சோடாவில் கரைப்பது நியாயமே இல்லை.

வியன்னா_வாணி:
நல்ல ஒயினை யாரும் கலக்கச் சொல்லவில்லை தம்பி. கலப்பதற்கென்று வாங்கும் ஒயினைக் கலக்கச் சொல்கிறேன். வெயிலில் நாலு மணி நேரம் உட்காரும் 12 பேரும் எல்லாக் கிளாஸையும் ரசித்துக் குடிக்கப் போவதில்லை, பாதி தாகத்துக்குக் குடிப்பது. அதற்கு உங்கள் மஸ்கடேயை ஊற்றுவதுதான் வீண்.

கரிகாலன்_77:
வாணி சொல்வது சரி. இங்கே திருவிழாவில் மன்சனியாவையே எலுமிச்சை சோடாவில் கலந்து ஜாடி ஜாடியாக வைப்பார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மைத்துனரை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அவருக்கு போஜோலே-வில்லாஜ் வாங்கி ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரம் வையுங்கள், 13 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். அதன் கமே திராட்சையை முழுக் குலையாகவே நொதிக்க விடுவதால் துவர்ப்பு குறைவு, அதனால்தான் குளிர்ச்சி ஒத்துவருகிறது. துவர்ப்பு கூடிய போர்தோவைக் குளிரவைத்தால் வாய் கட்டிக்கொள்ளும். சிசிலியின் ஃப்ரப்பாத்தோ கிடைத்தாலும் விடாதீர்கள்.

தேம்ஸ்கரை:
சரி, ரோஸேக்கு நவார்ரா, சோடாவுக்கு லிட்டர் பாட்டில், மைத்துனருக்கு போஜோலே. மீனுக்கு மஸ்கடேயா மன்சனியாவா என்பதில்தான் மனம் நிற்கிறது. சதவீதம்தான் முதலில் என்பதை நான் விடவில்லை, ஆனால் சிறிய கிளாஸ் எடுத்து வைத்தால் கரிகாலன் அண்ணன் கணக்கு நிற்கும் என்று தோன்றுகிறது. அரை பாட்டில் இரண்டு வாங்கி மீன் வரும்போது மட்டும் திறக்கலாமா?

செவ்வந்தி_மார்செய்:
எதை வாங்கினாலும் வாளியில் வெறும் ஐஸ் மட்டும் கொட்டாதீர்கள், பாதிக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு கை உப்பும் போடுங்கள். கால் மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். வாளி மரத்தடியில் இருக்கட்டும். கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால்தான் அந்த வெயிலில் குளிர்ச்சி நிற்கும்.

கரிகாலன்_77:
தாராளமாக வாங்குங்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மன்சனியாவுக்கு அறுவடை ஆண்டு போடுவதில்லை, அடைத்த தேதிதான் கணக்கு. சில பாட்டில்களில் பின் லேபிளில் இருக்கும், இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். ஃப்ளோரிலிருந்து பிரிந்ததுமே அதன் புதுமை இறங்க ஆரம்பித்துவிடும், திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளுக்குள் முடித்துவிட வேண்டும். அரை பாட்டில் வாங்கச் சொல்வதே அதனால்தான். அடைத்து ஒன்றரை இரண்டு வருடம் அலமாரியில் நின்ற பாட்டில்தான் கடையில் இருக்கிறது என்றால், அந்தக் காசுக்கு மஸ்கடேயே மேல்.