அயோவாவில் வென்றவர் யார்: தீர்மானிப்பது மாநிலக் கட்சியா, தொலைக்காட்சியா?

ஊர்க்குருவி (கேள்வி):
2012 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான குடியரசுக் கட்சியின் காக்கஸ் கூட்டங்கள் நடந்தன. மிட் ராம்னி 8 வாக்கு வித்தியாசத்தில் முதலிடம் பிடித்துவிட்டதாக விடிவதற்குள் எல்லாத் தொலைக்காட்சிகளும் சொல்லிவிட்டன. பதினாறு நாள் கழித்து, சான்றளிக்கப்பட்ட கணக்கில் ரிக் சான்டோரம்தான் 34 வாக்குகள் முன்னிலையில் இருக்கிறார் என்று தெரியவந்தது. நம் ஊரில் எத்தனை சேனல்கள் எத்தனை முறை அறிவித்தாலும், தேர்தல் நடத்தும் அலுவலர் கையெழுத்திட்டுச் சான்றிதழ் கொடுக்கும்வரை வெற்றி வெற்றியாகாது. அங்கே அப்படியோர் அலுவலரே கிடையாதா? இந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பொதிகை:
வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அங்கே இரண்டு வழிகள். பிரைமரி என்பது பெரும்பாலும் மாநில அரசு நடத்தும் வாக்குப்பதிவு. காக்கஸ் என்பது மாநிலக் கட்சி தன் செலவில், தன் தொண்டர்களைக் கொண்டு நடத்தும் கூட்டம். ஆகவே நீங்கள் தேடும் அலுவலர் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கூடியவர்கள் துண்டுச் சீட்டில் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். தொண்டர்கள் எண்ணிப் பார்த்துத் தலைமையகத்துக்குத் தெரிவிப்பார்கள். கையெழுத்திட்ட படிவம் பின்னால் போய்ச் சேரும். அந்த இரவில் திரையில் ஓடியது முதலில் தெரிவிக்கப்பட்ட எண். சான்டோரம் 29,839, ராம்னி 29,805 என்பது படிவங்கள் வந்தபின் கிடைத்த எண். அப்போதும் எட்டு வாக்குச்சாவடிகளின் படிவங்கள் கிடைக்கவே இல்லை என்பதால், வெற்றியாளர் இன்னார் என்று சொல்ல முதலில் தயங்கிய கட்சி, மறுநாள் இரவு சான்டோரம் பெயரை அறிவித்தது. அதற்குள் ராம்னி நியூ ஹாம்ப்ஷயரிலும் வென்று, முதல் இரண்டு மாநிலங்களையும் கைப்பற்றியவர் என்ற பட்டத்தோடு பத்து நாள் வலம் வந்துவிட்டார். மாநிலக் கட்சித் தலைவர் மாட் ஸ்ட்ரான் அம்மாத இறுதியில் பதவி விலகலை அறிவித்தார்.

இதைவிட வேடிக்கையான செய்தி ஒன்று இருக்கிறது. அந்தச் சீட்டு வாக்கு, தேசிய மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளை எவ்வகையிலும் கட்டுப்படுத்தவில்லை. வாக்களித்தவுடன் மற்றவர்கள் வீடு திரும்ப, இன்னொரு வேட்பாளரான ரான் பாலின் ஆதரவாளர்கள் கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்து, கவுண்டி (மாவட்ட) மாநாட்டிலிருந்து மாநில மாநாடுவரை ஒவ்வொரு படியிலும் இடம்பிடித்தார்கள். ஆகஸ்டில் தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 வாக்குகளில் 22 அவருக்கே விழுந்தன. சீட்டு எண்ணிக்கையில் அவர் மூன்றாமிடம்! கேமராக்கள் போன பிறகு நடந்ததால் பலருக்கு இது தெரியாது.

நிலவன்:
பொதிகை அவர்களின் விளக்கம் சரியே. ஆனால் பழியைத் தொலைக்காட்சியின் மேல் மட்டும் சாய்த்துவிட முடியாது. 8 வாக்கு என்ற எண்ணை அன்றிரவு அறிவித்தவரே கட்சித் தலைவர்தான். ஒரு மாநிலக் கட்சிக்குத் தேசிய அளவில் மதிப்புக் கிடைப்பது, மற்ற மாநிலங்களுக்கு முன்னால் தேர்வை நடத்துவதால். முந்தி நடத்துவதன் பயன் கேமராக்கள் வந்து குவிவது. 2008-இல் புளோரிடாவும் மிச்சிகனும் கட்சி விதியை மீறித் தேதியை ஜனவரிக்கு முன்னே தள்ளியதும் இதற்காகவே. ஜனநாயகக் கட்சித் தலைமை முதலில் அவற்றின் பிரதிநிதிகள் அனைவரையும் பறித்து, மே 31 அன்று ஆளுக்கு அரை வாக்கு என்று திருப்பிக் கொடுத்தது. 2020-இல் அயோவா ஜனநாயகக் கட்சி தேசிய மாநாட்டுக்கு அனுப்பவிருந்தது 41 உறுதிப் பிரதிநிதிகளை (வாக்கு முடிவின்படி ஒதுக்கப்படுபவர்களை) மட்டுமே, நாடு முழுவதும் மொத்தமோ 3,979. அந்த 41 பேருக்காக அவ்வளவு நெறியாளர்கள் அங்கே பனியில் நிற்கவில்லை. அந்த ஆண்டு முடிவுகளைத் தெரிவிக்கும் செயலி பழுதுபட்டு, இரவு முழுதும் சொல்ல எண்ணே இல்லாமல் போனபோதும் விவாத மேடைகள் ஓயவில்லை.

கயல்:
தொலைக்காட்சியை இவ்வளவு எளிதில் விடுவிக்க முடியாது என்பது என் கருத்து. 1976-இல் அயோவாவின் ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களில் முதலிடம் எந்த வேட்பாளருக்கும் கிடைக்கவில்லை. யாரையும் ஆதரிக்காத பிரிவுக்கே ஏறத்தாழ 37 விழுக்காடு சென்றது. சுமார் 28 விழுக்காடு பெற்ற ஜிம்மி கார்ட்டரை வெற்றியாளராக்கியது செய்தியாளர்களின் வாசிப்பு. அவ்வாண்டு அயோவாவின் எண்களில் பிழை ஏதுமில்லை, அவற்றுக்குப் பொருள் சொன்னவர்கள் கட்சிக்காரர்களும் அல்லர்.

ஊர்க்குருவி:
மூவருக்கும் நன்றி. 2012-க்குப் பின் இந்த அவசரம் குறைந்ததா?

பொதிகை:
குறைந்ததாகத் தெரியவில்லை. 2020-இல் ஏபி செய்தி நிறுவனம் அயோவாவில் வெற்றியாளரை அறிவிக்க மறுத்தது உண்மைதான், பாராட்டவும் வேண்டும். ஆனால் 2024 ஜனவரி 15 அன்று குடியரசுக் கட்சிக் கூட்டங்கள் தொடங்கி அரை மணி நேரத்திலேயே, சில இடங்களில் மக்கள் இன்னும் வாக்களிக்காத நிலையில், டிரம்ப் வென்றதாக அதே ஏபியும் தொலைக்காட்சிகளும் அறிவித்தன. அவர் சுமார் 51 விழுக்காடு பெற்றதால் கணிப்பு பிழையாகவில்லை. ஆனாலும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சாளர்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கைப்பேசியில் முடிவு வந்து விழுந்ததை எதிர்த்து, போட்டி வேட்பாளர் டிசாண்டிஸ் தரப்பு கடுமையாகக் குரல் எழுப்பியது. அந்தக் குறையில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன்.