மரம் வெட்டும் சிஎன்சி மெஷினில் ரவுட்டரை ஆன் செய்தால் மட்டும் அலாரம் 1 வருகிறது, என்ன செய்வது?

தறிக்கூடம்:
வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டி தாத்தா காலத்துத் தறிக்கூடம் ஒன்று இருக்கிறது. தறியைக் கழற்றிப் பத்து வருடமாகிறது. அதைக் காலி செய்து 600க்கு 400 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிஎன்சி ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி மரம் வெட்டும் மெஷின், பூட்டியிருக்கிறேன். அர்டுயினோ ஊனோ என்ற கன்ட்ரோல் போர்டில் மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் 1.1 மென்பொருள், மேலே ஒயர்கள் சொருகும் சிஎன்சி ஷீல்ட் வி3 போர்டு, டிஆர்வி8825 மோட்டார் டிரைவர்கள், நெமா 17 மோட்டார்கள், 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). வெட்ட ஒரு 710 வாட் ட்ரிம் ரவுட்டர். தூசுக்கு வேக்கம் கிளீனர். அதைத் தறிக்குழிக்குள் இறக்கி மேலே பலகை போட்டுவிட்டேன், பாதிச் சத்தம் குழியோடு போகிறது.

ட்ரிம் ரவுட்டரை ஆன் செய்யாமல் காற்றில் ஓட்டினால் முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடுகிறது. ஆன் செய்து மரத்தில் இறக்கினால் ஐந்து நிமிடம், சில நாள் இரண்டே நிமிடம், "அலாரம் 1, ஹார்ட் லிமிட்" என்று, ஓரத்து லிமிட் சுவிட்சைத் தொட்டுவிட்ட மாதிரி, நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் கேன்ட்ரி (ரவுட்டரைத் தாங்கி நகரும் சட்டம்) நட்டநடுவில் நிற்கிறது, எந்தச் சுவிட்சும் பக்கத்தில் இல்லை. யூஎஸ்பி கேபிள் மாற்றினேன். அர்டுயினோவையே மாற்றினேன். வேகத்தை 1500லிருந்து 800க்குக் குறைத்தேன். எதற்கும் அசையவில்லை.

இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியாது: வெறுங்காலோடு நின்று ஃப்ரேமைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறது.

சூரமங்கலம் மேக்கர்:
ப்ரோ, $21=0 போட்டு ஹார்ட் லிமிட்டை அணைத்துவிடுங்க. நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

தறிக்கூடம்:
போட்டுப் பார்த்தேன் ப்ரோ. ஒரு பெயர்ப்பலகை முழுதாக முடிந்தது. இரண்டாவதில் பாதியில் கம்ப்யூட்டரே போர்ட்டைக் காணோம் என்றது. மெஷின் நின்றது, ரவுட்டர் மட்டும் ஒரே இடத்தில் சுற்றி மரம் கருகிப் புகை வந்துவிட்டது. பழையபடி $21=1 வைத்துவிட்டேன்.

மீட்டர் பெட்டி:
தம்பி, கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று எனச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். உள்ளே உண்டாகும் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளத்தான் அவை. எர்த் இல்லாவிட்டால் பாடி அந்தரத்தில் நின்று, மெயின்ஸில் பாதி வோல்டேஜுக்கு வந்துவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு போகிறது.

உங்கள் ட்ரிம் ரவுட்டர் கார்பன் பிரஷ் மோட்டார். சுற்றும்போதெல்லாம் பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரில் பொறி பறக்கும், அந்த இரைச்சல் ஒயர் வழியாகவும் காற்று வழியாகவும் பரவும். அது இறங்கிப் போக எர்த் இல்லை என்றால் சிக்னல் ஒயரைத்தான் பிடிக்கும். மல்டிமீட்டர் இருந்தால் ஏசியில் வைத்து, மெஷின் சொருகியிருக்கும் போர்டிலேயே ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் இரண்டும் அளந்து சொல்லுங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, ஒரு கையால். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தறிக்கூடம்:
அளந்தேன் அண்ணா. ஃபேஸ்-நியூட்ரல் 232. ஃபேஸ்-எர்த் 110 சொச்சம். நியூட்ரல்-எர்த்தும் கிட்டத்தட்ட அதேதான்.

மீட்டர் பெட்டி:
அப்படியானால் அந்த போர்டில் எர்த் என்பது ஓட்டை மட்டும்தான், பின்னால் ஒன்றும் இல்லை. சரியாக இருந்தால் முதலாவது 230 பக்கமும், இரண்டாவது ஓரிரு வோல்ட்டும் காட்டும்.

கோலப்பலகை:
சின்ன வேலைக்கு எதற்கு எலக்ட்ரீஷியன்? போர்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டால் சுள்ளென்பது நின்றுவிடும்.

மீட்டர் பெட்டி:
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தாலோ, யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்தாலோ, மெஷின் ஃப்ரேம் முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். இப்போது சுள்ளென்கிறது, அன்றைக்கு ஆளையே பிடித்துக்கொள்ளும்.

தறிக்கூடம்:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். எலக்ட்ரீஷியன் வந்து திறந்து பார்த்தார். தறிக்கூடத்துக்கு வீட்டு மெயினிலிருந்து வருவதே இரண்டு ஒயர்தான். அந்தக் காலத்தில் இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் எரிந்தால் போதும் என்று இழுத்தது; மூன்று பின் போர்டைப் பின்னால் யாரோ அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள். மெயின் போர்டிலிருந்து 2.5 ஸ்கொயர் பச்சை ஒயர் தனியாக இழுத்தோம். துவைக்கிற கல் பக்கத்தில் இருந்த எர்த் குழியும் பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் புதிதாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். கூடவே கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்றும் மாட்டியாயிற்று. இப்போது நியூட்ரல்-எர்த் ஒன்றரை வோல்ட். சுள் இல்லை.

ஆனால் அலாரம் முழுசாகப் போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்தது இப்போது அரை மணிக்கு ஒரு முறை வருகிறது.

ஏற்காட்டுத் தச்சர்:
மிச்சத்தை நான் சொல்கிறேன், எனக்கும் இதே கதைதான். லிமிட் சுவிட்ச் ஒயரும் ரவுட்டரின் 230 வோல்ட் ஒயரும் ஒரே கேபிள் செயினில் போகிறதா? போனால் முதலில் பிரியுங்கள்.

அடுத்து, உங்கள் சுவிட்ச் அழுத்தினால் மூடும் வகையில்தானே கட்டியிருக்கிறது? அப்போது மற்ற நேரமெல்லாம் அந்த ஒயர் திறந்தே கிடக்கும். அதை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருப்பது அர்டுயினோவுக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் மட்டும்தான். அது 20 முதல் 50 கிலோ ஓம், நோஞ்சான் பிடி. ஒரு மீட்டர் ஒயர் ஆன்டெனா மாதிரி வேலை செய்து அதை இழுத்துவிடும். சுவிட்சில் மூன்று கால் இருக்கும். எப்போதும் மூடியிருந்து அழுத்தினால் திறக்கும் காலுக்கு மாற்றுங்கள். ஒரே ஆக்சிஸில் (எக்ஸ், ஒய், இசட் திசைகளில் ஒன்றில்) இரண்டு சுவிட்ச் இருந்தால் தொடராகக் கட்டுங்கள். பிறகு ஜிஆர்பிஎல்லில் $5=1 போடுங்கள், லிமிட் சிக்னலைத் தலைகீழாகப் படிக்கும். இனி ஒயர் எப்போதும் கிரவுண்டோடு கட்டிப்போட்டிருக்கும். எங்காவது அறுந்தாலும் உடனே தெரிந்துவிடும். ஷீல்ட் பக்கத்தில் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 104 என்று அச்சடித்த 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஆளுக்கொன்று வையுங்கள். ஷீல்டட் கேபிள் போட்டால் மேலே உள்ள வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

வேக்கம் குழாயையும் மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் குழாயில் உலர்ந்த தூள் உரசி ஓடினால் ஸ்டாடிக் ஏறும். இங்கே மேலே மேகம் வீட்டுக்குள் வந்து போவதால் அந்தத் தொல்லை குறைவு, எனக்குப் பலகை ஊதுவதுதான் தொல்லை. கீழே உங்களுக்கு வெயில் காலத்தில் நிச்சயம் இருக்கும். காப்பு நீக்கிய செம்புக் கம்பியைக் குழாயோடு சுற்றி எர்த்தில் கொடுங்கள்.

தறிக்கூடம்:
சார், எல்லாம் மாற்றினேன். இப்போது ஆன் செய்த உடனேயே அலாரம்! முன்பாவது அரை மணி ஓடியது.

ஏற்காட்டுத் தச்சர்:
கேள்விக்குறி அனுப்பி ஸ்டேட்டஸ் பாருங்கள். எந்த ஆக்சிஸ் என்று காட்டும்.

தறிக்கூடம்:
இசட் என்று காட்டுகிறது. ஷீல்டில் இசட் என்று எழுதிய இடத்தில்தான் சொருகியிருக்கிறேன்.

ஏற்காட்டுத் தச்சர்:
அங்கேதான் எல்லோரும் விழுகிறோம். அந்த ஷீல்ட் பழைய ஜிஆர்பிஎல்லுக்காக வரைந்தது. பின்னால் ஸ்பிண்டில் (வெட்டும் மோட்டார்) வேகத்தைக் கட்டுப்படுத்த அர்டுயினோவின் 11ஆம் பின் தேவைப்பட்டதால், இசட் லிமிட்டை 12க்கு மாற்றிவிட்டார்கள். ஷீல்டில் 12 என்பது "ஸ்பிண்டில் எனேபிள்" என்று எழுதிய இடம். இசட் ஒயரையும் அதன் கெபாசிட்டரையும் அங்கே மாற்றுங்கள். இத்தனை நாள் உங்கள் இசட் சுவிட்சை ஜிஆர்பிஎல் பார்க்கவே இல்லை. 12 சும்மா தொங்கிக்கொண்டு இருந்தது. அரை மணிக்கு ஒரு முறை வந்த அலாரத்தில் அதற்கும் பங்கிருக்கும்.

தறிக்கூடம்:
சரியாகிவிட்டது சார். நேற்று நீங்கள் சொன்ன எல்லாவற்றோடும் ஒரு சில்வர் ஓக் பலகையில் 2 மணி 10 நிமிடம் ஓடியது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. வட்டம் மட்டும் கொஞ்சம் முட்டை வடிவில் வருகிறது. எக்ஸ் பெல்ட் தொளதொள என்றிருக்கிறது, அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

மீட்டர் பெட்டி:
சந்தோஷம் தம்பி. அந்தத் தறிக்கூட லைனில் வேறு ஏதாவது ஓடுகிறதா?

தறிக்கூடம்:
பின்கட்டு போர்டும் அதே லைன்தான் அண்ணா, கிரைண்டர் அங்கேதான் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன். "அது வாங்கின நாளிலிருந்தே சுள்ளுங்கும்டா, அதுக்குத்தான் செருப்பு போட்டுட்டு மாவாட்டுறேன்" என்றார். நாளைக் காலை எலக்ட்ரீஷியன் மறுபடி வருகிறார்.