யூரி ஆன் ஐஸ்: நடுப்பகுதி தளர்வதற்குக் காரணம் ஓவியமா, போட்டியின் அமைப்பா?

கூர்விளிம்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகளை விடாமல் பார்க்கும் நண்பர்களுக்கு ‘யூரி ஆன் ஐஸ்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2016 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 12 அத்தியாயங்களாக ஒளிபரப்பான அதை நான் இத்தனை காலமும் தள்ளிப்போட்டே வந்தேன். விளையாட்டை வைத்து எடுக்கப்படும் தொடர்களில் விளையாட்டு வெறும் ஊறுகாயாகத்தான் இருக்கும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். அண்மையில்தான் பார்த்து முடித்தேன்.

முதல் நான்கு அத்தியாயங்களில் மயங்கிப்போனேன் என்றே சொல்ல வேண்டும். சோச்சியில் நடந்த கிராண்ட் ப்ரீ (பல நாடுகளில் நடக்கும் தொடர் போட்டிகள்) இறுதிப் போட்டியில் கடைசி இடம் பெற்று, மனம் உடைந்து ஊர் திரும்பும் கட்சுகி யூரி, தன் ஆதர்சமான ரஷ்ய வீரர் விக்டரின் நிகழ்ச்சியை ஊர் அரங்கில் ஆடிக்காட்டுவதும், அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு விக்டரே பயிற்றுநராக வந்து நிற்பதும் நம்பக்கூடியதல்ல என்று தெரிந்திருந்தும், அந்த ஆட்டத்தை வரைந்திருக்கும் விதத்தால் நம்பிவிட்டேன். ஆனால் ஆறாம் அத்தியாயத்தில் கிராண்ட் ப்ரீயின் தகுதிப் போட்டியான சீனக் கோப்பை தொடங்கியதும் தொடர் தளர்ந்துவிடுகிறது. ஒரு வீரர் வருகிறார், அவருடைய மனக்குரல் ஒலிக்கிறது, தாவல்கள், மதிப்பெண், அடுத்த வீரர். மாஸ்கோவில் நடக்கும் அடுத்த தகுதிப் போட்டியிலும் இதே வரிசைதான். பத்தாம் அத்தியாயத்தில் இறுதிப் போட்டிக்காகப் பார்சிலோனா வந்த பிறகே மீண்டும் உயிர் பெறுகிறது.

இந்தச் சரிவுக்கு ஓவியத்தின் தரம் காரணமா, அல்லது கிராண்ட் ப்ரீ போட்டியின் அமைப்பே கதைக்கு ஒத்துவராததா என்பது என் முதல் கேள்வி. இறுதியில் காட்டப்படும் மதிப்பெண்கள் நடைமுறையில் சாத்தியமா என்பது இரண்டாவது. கதை முடிவை மறைக்காமலே பேசலாம். இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.

கடைசிக்குழு:

நீங்கள் குறை என்று சொல்வதைத்தான் நான் அத்தொடரின் நேர்மை என்று சொல்வேன். கணக்கைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் ஆண்களுக்கான ஷார்ட் புரோகிராம் (முதல் சுற்றுக் குறு ஆட்டம்) ஏறத்தாழ 2 நிமிடம் 40 வினாடி. ஃப்ரீ ஸ்கேட் (இரண்டாம் சுற்று நீள் ஆட்டம்) நாலரை நிமிடம். ஆறு பேரின் ஃப்ரீ ஸ்கேட்டை முழுதாகக் காட்டினால் அதற்கே 27 நிமிடம் வேண்டும். தொடக்கப் பாடலையும் முடிவுப் பாடலையும் கழித்தால் ஓர் அத்தியாயத்தில் மிஞ்சுவது சுமார் 20 நிமிடம். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் நாயகனையும் எதிரியையும் மட்டும் காட்டிவிட்டு மற்ற நால்வரை மதிப்பெண் பலகையில் வெறும் பெயர்களாக விட்டிருக்கும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. தாய்லாந்தின் பிச்சித் சுலானொன் சீனக் கோப்பையில் தங்கம் வெல்லும்போது நமக்கு அவன்மேல் பரிவு இருக்கிறதென்றால், அவனுக்கும் அரங்கில் இடம் ஒதுக்கப்பட்டதே காரணம்.

கிராண்ட் ப்ரீயில் முதல் ஆறு இடங்களுக்கு முறையே 15, 13, 11, 9, 7, 5 புள்ளிகள் வழங்கப்படுகின்றன. ஒரு வீரர் அதிகபட்சம் இரண்டு போட்டிகளில் ஆடலாம். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து முதல் ஆறு பேர் இறுதிக்குப் போகிறார்கள். யூரி சீனாவில் இரண்டாம் இடம், மாஸ்கோவில் நான்காம் இடம். ஆக 22 புள்ளிகளோடு நூலிழையில் உள்ளே நுழைகிறான். நாயகன் நான்காவதாக வந்தும் கதை நகர்கிறது என்பதே எனக்குப் பிடித்திருந்தது.

ஒரே இரண்டு நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள் என்ற குறையையும் பலர் சொல்கிறார்கள். நாம் அரங்கிலும் தொலைக்காட்சியிலும் பார்ப்பதும் அதைத்தானே? அக்டோபரில் தடுமாறிய அதே நிகழ்ச்சி மார்ச்சில் எப்படி முதிர்ந்து வருகிறது என்பதைப் பார்க்கத்தான் நம்மைப் போன்றவர்கள் பருவம் முழுக்கக் காத்திருக்கிறோம். சீனாவில் ஃப்ரீ ஸ்கேட்டுக்குச் சற்று முன்பு, வாகன நிறுத்துமிடத்தில் விக்டரின் சொற்களைக் கேட்டு யூரி உடைந்து அழுகிறான். அழுது ஓய்ந்த முகத்தோடுதான் பனியில் இறங்குகிறான். மாஸ்கோவிலோ, வளர்ப்பு நாயின் தொண்டையில் பலகாரம் சிக்கிக்கொண்டது என்ற செய்தி வந்ததால் விக்டர் ஊருக்குப் போய்விட, வேலியோரம் விக்டரின் பயிற்றுநர் யாகோவ் நிற்கிறார். இசை அதே, நடன அமைப்பு அதே. ஆடுபவனின் மனநிலை வேறு. இந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டுமானால் திரும்பக் காட்டித்தான் ஆக வேண்டும்.

கறுப்புக்கோடு:

கடைசிக்குழு சொல்வது கதையமைப்புக்கு நல்ல வழக்குரைதான்; ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறையை அது மறைத்துவிடக் கூடாது. இத்தொடரின் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் நடனம் அமைத்தவர் கென்ஜி மியாமோட்டோ. முன்னாள் ஐஸ் டான்ஸ் வீரர். அவரே பனியில் ஆடிக்காட்டியதை வைத்துத்தான் ஓவியர்கள் வரைந்தார்கள். இயக்குநர் சாயோ யமமோட்டோவும் மாப்பா நிறுவனமும் அதைக் கையால் வரைந்து வாராவாரம் ஒளிபரப்புக்குக் கொடுக்கத் துணிந்தது பாராட்டத்தக்கதே. ஆனால் துணிவு வேறு, விளைவு வேறு.

ஃப்ளிப், லுட்ஸ் இரண்டுமே பின்னோக்கிச் சறுக்கியபடி, மற்றக் காலின் சறுக்குத் தகட்டு முனைப்பல்லால் பனியைக் குத்தி எழும் தாவல்கள். ஊன்றியிருக்கும் காலின் உள்விளிம்பிலிருந்து எழுந்தால் ஃப்ளிப், வெளிவிளிம்பிலிருந்து எழுந்தால் லுட்ஸ். கணுக்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே எல்லாம். நன்றாக வரையப்பட்ட காட்சிகளில் அந்தச் சாய்வும், தரையிறங்கும்போது முழங்கால் மடிந்து வேகத்தை வாங்கிக்கொள்வதும், பின்னால் விரியும் காலும் அப்படியே கிடைக்கின்றன. நடு அத்தியாயங்களின் தொலைக்காட்சிக் கோணக் காட்சிகளிலோ உடல் ஒரு பொம்மையாகச் சுருங்கி, எடையே இல்லாமல் பனிமேல் மிதக்கிறது. என்ன தாவல் என்பதை வர்ணனையாளர் சொன்னால்தான் தெரிகிறது.

அதைவிட எனக்கு எரிச்சலூட்டியது மனக்குரல். ஆறு வீரர்களும் ஆடும்போதே தங்கள் காதலையும் ஏக்கத்தையும் நம்மிடம் ஒப்பிக்கிறார்கள். உடலால் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிவிட்டால் பிறகு நடனம் எதற்கு? 11ஆம் அத்தியாயத்தில் கனடாவின் ஜேஜே தன் ஷார்ட் புரோகிராமில் தாவல்களைத் தவறவிட்டுக் குலைந்துபோகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். எழும்பும்போதே சுற்று கலைந்துவிடுவதும், முகத்தில் இருந்த அசட்டுத் துணிச்சல் வடிவதும், அரங்கினர் அவனுக்காகப் பாடத் தொடங்குவதும் தாமே பேசுகின்றன. அதுவரை நகைச்சுவைப் பாத்திரமாக இருந்த ஒருவனுக்காக அங்கே நெஞ்சு பதைக்கிறது. எல்லா வீரர்களையும் இப்படிக் காட்டியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

புள்ளிக்கணக்கர்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பார்சிலோனா இறுதிப் போட்டியில் யூரி கட்சுகியின் ஷார்ட் புரோகிராம் 97.83, ஃப்ரீ ஸ்கேட் 221.58, மொத்தம் 319.41. தங்கம் வெல்லும் 15 வயது ரஷ்ய வீரன், இன்னொரு யூரியான யூரி பிளிசெட்ஸ்கிக்கு 319.53. வித்தியாசம் வெறும் 0.12 புள்ளி. தொடர் ஒளிபரப்பானபோது ஃப்ரீ ஸ்கேட்டின் உண்மையான உலகச் சாதனை 219.48, 2015 டிசம்பரில் ஜப்பானின் யுசுரு ஹன்யூ அதை நிகழ்த்தியதும் பார்சிலோனாவில் நடந்த கிராண்ட் ப்ரீ இறுதியில்தான். அதைவிட 2.10 புள்ளி கூடுதலாகக் கற்பனை வீரனுக்குக் கொடுத்திருந்தார்கள். மிகைதான் என்று பலரும் நினைத்தனர்.

தொடர் முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2017 ஏப்ரல் 1 அன்று ஹெல்சிங்கி உலகச் சாம்பியன் போட்டியில் ஷார்ட் புரோகிராமில் 98.39 மட்டும் பெற்று, முன்னணியில் இருந்த ஹாவியர் ஃபெர்னாண்டஸைவிட 10 புள்ளிக்கு மேல் பின்தங்கி, ஐந்தாம் இடத்தில் இருந்த ஹன்யூ, ஃப்ரீ ஸ்கேட்டில் 223.20 எடுத்துத் தங்கம் வென்றார். மொத்தம் 321.59. வெள்ளி வென்ற ஷோமா உனோவுக்கு 319.31. கற்பனைக் கட்சுகியின் எண்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்: ஷார்ட்டில் சறுக்கல், ஃப்ரீயில் உலகச் சாதனை, 320க்கு அருகே மொத்தம். எழுத்தாளர் மிட்சுரோ குபோவே இவ்வளவு நெருக்கமாக எதிர்பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கட்சுகி யூரி தன் குரு விக்டருக்கு மரியாதையாக முயலும் நான்கு சுற்று ஃப்ளிப்பும் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. அதைப் போட்டியில் முதன்முதலாக உனோ நிறைவேற்றியது 2016 ஏப்ரலில். தொடர் தொடங்கியது அதே ஆண்டு அக்டோபரில். அப்போது அந்தத் தாவலின் அடிப்படை மதிப்பு 12.3. தாவல்களைப் பின்பாதியில் வைத்தால் 10 விழுக்காடு கூடுதலாகக் கிடைத்த காலம் அது. தாக்குப்பிடிக்கும் திறனே பலமாக உள்ள யூரி கடைசித் தாவலாக அதை வைப்பது கணக்குத் தெரிந்தவரின் எழுத்து. 2018க்குப் பிறகு ஃப்ரீ ஸ்கேட்டில் கடைசி மூன்று தாவல்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. எனினும் அவனுடைய கடைசித் தாவலுக்கு இன்றைக்கும் அது கிடைத்திருக்கும்.

எனக்கு ஒவ்வாத ஒரே எண், பிளிசெட்ஸ்கியின் ஷார்ட் புரோகிராமுக்குத் தந்த 118.56. பெய்ஜிங் 2022இல் நேதன் சென் ஏறத்தாழக் குறையின்றி ஆடியும் 113.97தான் வந்தது.

கூர்விளிம்பு:

மூவருக்கும் நன்றி. ஹெல்சிங்கி ஒப்பீடு உண்மையிலேயே வியக்க வைத்தது. ஆனால் அதைப் படித்த பிறகு எனக்கு வேறொரு குறை கூடுதலாகத் தெரிகிறது. 0.12 புள்ளியில் தங்கம் கைமாறுகிறது. அரங்கில் யாரும் வாய் திறப்பதில்லை. நிஜத்தில் அன்றிரவே நடுவர்களின் தாள்கள் வரிவரியாக அலசப்பட்டு, இரு தரப்பு ரசிகர்களும் உறங்காமல் சண்டையிட்டிருப்பார்கள். இவ்விளையாட்டை இவ்வளவு நுணுக்கமாக அறிந்தவர்கள் நடுவர்களை ஏன் தொடவேயில்லை?

கடைசிக்குழு:

வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்பதே என் கருத்து. நடுவர் விவகாரம் இவ்விளையாட்டின் ஆறாத புண். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் ஜோடிப் பிரிவில் ரஷ்யாவின் பெரெஷ்னயா, சிகருலிட்சே ஜோடிக்குத் தங்கம் அளிக்கப்பட்டு, பிரெஞ்சு நடுவர் நெருக்கடிக்கு உள்ளான செய்தி வெளியானதும், கனடாவின் சாலே, பெல்லெட்டியே ஜோடிக்கும் இன்னொரு தங்கம் தர நேர்ந்தது. 6.0ஐ உச்ச மதிப்பெண்ணாகக் கொண்ட பழைய முறை ஒழிந்து இன்றைய புள்ளிமுறை வந்ததற்கு அதுவே வழிவகுத்தது. புதிய முறையிலும் சச்சரவு ஓயவில்லை. 2014 சோச்சியில் அடெலினா சோட்னிகோவா 224.59, யுனா கிம் 219.11 என்று முடிவு வந்தபோது, எந்த நடுவர் எந்த மதிப்பெண் இட்டார் என்பதை அறியவே வழியில்லை, பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. அந்த மறைப்பை நீக்க முடிவெடுத்த ஆண்டு 2016, இத்தொடர் வெளிவந்த அதே ஆண்டு.

இதையெல்லாம் உள்ளே கொண்டுவந்தால் கதை யூரியின் கையைவிட்டு அதிகாரிகளின் கைக்குப் போய்விடும். தன் பயத்தோடு போராடும் ஒருவனின் கதையில், தோற்றதற்கு வேறு யாரையேனும் கைகாட்டும் வசதி இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருப்பார்கள். ரசிகனாக எனக்கு அது குறையாகப் படவில்லை.

கறுப்புக்கோடு:

எனக்குப் படுகிறது. நடுவரே இல்லாத ஃபிகர் ஸ்கேட்டிங், ஓட்டப்பந்தயம்போல் ஆகிவிடுகிறது: நன்றாகச் செய்தவனுக்குச் சரியான எண் தானாக விழுகிறது. ரசிகர்களான நமக்கு அந்தச் சுகம் ஒருபோதும் வாய்த்ததில்லை. இரண்டாம் பருவம் வந்திருந்தால் இதை எடுத்திருப்பார்களோ என்னவோ.

புள்ளிக்கணக்கர்:

அந்த வாய்ப்பு இப்போதைக்கு இல்லை. தொடர்ச்சியாக அறிவித்திருந்த திரைப்படத்தைக் கைவிடுவதாக மாப்பா 2024 ஏப்ரலில் தெரிவித்துவிட்டது. ஆனால் யூரியின் ஃப்ரீ ஸ்கேட் இசை மட்டும் ஒலிம்பிக் வரை போனது: 2018 பியோங்சாங்கில் ஜப்பானின் மியு சுசாகி, ரியூச்சி கிஹாரா ஜோடி அந்த இசைக்குத்தான் ஷார்ட் புரோகிராம் ஆடியது. அதே கிஹாரா பிறகு ரிக்கு மியூராவோடு சேர்ந்து 2023இல் சைத்தாமாவில் உலகச் சாம்பியனானார். கூர்விளிம்பு, நீங்கள் மறுபடி பார்ப்பதாக இருந்தால் பத்தாம் அத்தியாயத்தின் முடிவில் வரும் விருந்துக் காட்சியை நினைவில் வைத்துக்கொண்டு முதல் இரண்டு அத்தியாயங்களைப் பாருங்கள். விக்டர் எதற்காக அவ்வளவு தூரம் வந்தான் என்பதற்கு அங்கேயே விடை இருக்கிறது. நடுப்பகுதியில் ஏழாம் அத்தியாயத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.