இருமல் மருந்துக்குள் இருக்கும் ஆப்பிரிக்க வேர்: பங்கு யாருக்கு?

கரிசல்மண்:
ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை வீட்டில் இருமல் வந்தால் முதலில் எடுப்பது உம்கலோவாபோ என்ற சொட்டு மருந்தைத்தான். தென்னாப்பிரிக்காவிலும் லெசோத்தோவிலும் விளையும் பெலார்கோனியம் சிடோயிடிஸ் செடியின் வேர்ச்சாறு அது. 1897-ல் காசநோயோடு அங்கே போனவர் சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர். லெசோத்தோ பக்கத்துப் பசோத்தோ இனத்து வைத்தியர் ஒருவர் கொடுத்த வேர்க் கஷாயத்தில் தேறியதாகச் சொன்னார். ஊர் திரும்பி அதையே புட்டியில் அடைத்து விற்றார். என்ன வேர் என்பதை மட்டும் ரகசியமாக வைத்துக்கொண்டார். இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மருந்துக்கடைக்காரன்:
அது பாதிக் கதைதான், நண்பரே. காசநோய் தீரும் என்று சொல்லித்தான் ஸ்டீவன்ஸ் விற்றார். 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதை ஏமாற்று மருந்து என்று எழுதியது. அவர் வழக்குப் போட்டுத் தோற்றார். 1920-களில் ஜெனீவாவில் செஷஹே என்ற மருத்துவர் சுமார் 800 காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அது காசநோயைத் தீர்க்கும் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. எந்தச் செடி என்பதே 1970-களில் மியூனிக்கில்தான் உறுதியானது. இப்போது மூச்சுக்குழாய் அழற்சிக்குத் தருகிறார்கள். அதற்கும் சான்றுகளின் தரம் குறைவு என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2013 மதிப்பாய்வு சொன்னது. 'பாட்டன் காலத்து மருந்து' என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தையின் அம்மாவிடம் எதையும் எடுத்து நீட்ட எனக்கு மனம் வராது. ஆய்வகம் வேண்டும்.

கரிசல்மண்:
ஆய்வகம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சோதித்தவருக்கு உரிமை, செடியை அடையாளம் காட்டியவருக்கு ஒன்றுமில்லை என்பதுதான் என் கோபம். ஷ்வாபே என்ற ஜெர்மன் நிறுவனம் இந்த வேர்ச்சாறு எடுக்கும் முறைக்கே ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கியது. தென்னாப்பிரிக்காவில் கிழக்கு கேப் மாகாணத்தின் ஆலிஸ் ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2010 ஜனவரியில் காப்புரிமை ரத்தானது. நம் வேம்புக்கு எடுத்த காப்புரிமையை ரத்து செய்த அதே ஐரோப்பிய அலுவலகம்தான்!

மருந்துக்கடைக்காரன்:
ஏன் ரத்தானது என்பதையும் பாருங்கள். கண்டுபிடிப்பு என்று சொல்லும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை என்றார்கள், அவ்வளவுதான். அறிவு ஆலிஸ் மக்களுக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. காப்புரிமை போனதும் வேர் தோண்டுபவரின் கூலி ஏறிவிடுமா?

மலைச்சாரல்:
நீங்கள் இருவரும் ஹூடியாவை விட்டுவிட்டீர்கள். கலஹாரிப் பக்கத்துச் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமலிருக்க மெல்லும் செடி அது. பார்க்கக் கள்ளி மாதிரி இருக்கும். தென்னாப்பிரிக்காவின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனம் அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் காப்புரிமை எடுத்தது. போராடித்தான் 2003-ல் ஒப்பந்தம் வந்தது: உரிமத் தொகையில் 6 சதவீதம் சான் மக்களுக்கு. ஆனால் ஹூடியாவை மருந்தாக்க முயன்ற ஃபைசர் நிறுவனம் அந்த ஆண்டே விலகியது. அப்புறம் வந்த யூனிலீவரும் 2008-ல் கைவிட்டது. பொருளே கடைக்கு வராதபோது 6 சதவீதம் எதிலிருந்து வரும்?

தேயிலைபோல் காய்ச்சிக் குடிக்கும் தென்னாப்பிரிக்கச் செடியான ரூய்போஸில் வேறு வழி பிடித்தார்கள். 2019 ஒப்பந்தப்படி பண்ணை விலையில் 1.5 சதவீதம் அங்கத்துப் பூர்வகுடிகளான கொய், சான் மக்களுக்குப் போக வேண்டும். காப்புரிமை இருக்கிறதா, மருந்து பலித்ததா என்ற கேள்வியே அதில் இல்லை. இலை விற்றால் பணம்.

மருந்துக்கடைக்காரன்:
சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். பலன் நிரூபணமாகும் வரை காத்திருக்கச் சொல்லாத ஏற்பாடு. ஆனால் ரூய்போஸ் வயலில் விளைகிறது. பெலார்கோனியத்தைக் காட்டிலிருந்தும் தோண்டுகிறார்கள், கிழங்கோடு. இரண்டு நாடுகள், கிழக்கு கேப் பக்கத்துச் சோசா மக்கள், பசோத்தோ மக்கள். பங்கை யார் கையில் கொடுப்பீர்கள்?

கரிசல்மண்:
யாருக்கு எவ்வளவு என்பதை அந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசட்டும். அதை நீங்களும் நானும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பணத்தை எங்கே பிடிப்பது என்பது தெளிவாகவே இருக்கிறது. தோண்டிய வேரை எடை போட்டு வாங்குகிறார்களே, அந்தத் தராசில். ஸ்டீவன்ஸ் விஷயத்தில் மட்டும் 'திருட்டு' என்ற என் வார்த்தையை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.