எக்ஸ்பிரஸ் செயலியில் பக்கங்களைப் பூட்டுவது: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

இங்கே பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம், பராமரிப்புக் கட்டணம், வருகைப் பதிவு, வீட்டுவேலைக்கு வருபவர்களின் விவரம் எல்லாவற்றையும் ஒரே இணையச் செயலியில் வைத்திருக்கிறது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ், அதன் மேல் இணையச் செயலிகளைக் கட்ட உதவும் எக்ஸ்பிரஸ் இரண்டையும் கொண்டு எழுதியது. அதைப் பரிசோதித்துச் சொல்லும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார்.

செயலாளர் கணக்கில் மட்டும் ‘நிர்வாகம்’ என்ற பொத்தான் தெரிந்தது. கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு அந்தப் பக்கத்தின் முகவரியை நேராகத் தட்டினேன். உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பியது. அதுவரை சரி. பிறகு, வேலைக்கு வரும் ஒரு பெண்ணின் ஆதார் நகல் இருக்கும் முகவரியை மட்டும் எடுத்து, உள்நுழையாத வேறொரு உலாவியில் திறந்தேன். படம் முழுசாக வந்து நின்றது.

எக்ஸ்பிரஸில் மிடில்வேர்கள், அதாவது கோரிக்கைக்கும் பதிலுக்கும் இடையில் ஓடும் சிறு நிரல்கள், எழுதப்பட்ட வரிசையிலேயே ஓடும். இந்தச் செயலியில் கோப்புகளை எடுத்துத் தரும் ஸ்டேட்டிக் வரி மேலே இருந்தது, உள்நுழைவைச் சரிபார்க்கும் வரி கீழே இருந்தது. கேட்ட கோப்பு கிடைத்ததுமே ஸ்டேட்டிக் பதிலை அனுப்பிவிடும். சரிபார்ப்பு வரைக்கும் கோரிக்கை போவதே இல்லை. எழுதிய நிறுவனத்தாரிடம் சொன்னபோது, “முகவரி யாருக்குத் தெரியப் போகிறது?” என்றார்கள். கோப்பின் பெயரே வீட்டு எண்ணும் தேதியும்தான். யார் வேண்டுமானாலும் ஊகித்துவிடலாம்.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வந்து இங்கே வேலை செய்யும் பெண்கள், நகல் கொடுத்தால்தான் வாசலில் விடுவார்கள் என்பதால் கொடுத்தார்கள். அது எங்கே கிடக்கிறது என்று கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. அவர்களுக்காக நாம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு வரிகளை இடம் மாற்றினால் போதும் என்றார்கள். போதாது. அப்போதும் உள்நுழைந்த எந்தக் குடியிருப்பாளரும் எவருடைய நகலையும் பார்க்கலாம். கோப்புறையைப் பொதுவெளியிலிருந்து அகற்றி, தனி ரூட் (எந்த முகவரிக்கு என்ன பதில் என்று சொல்லும் நிரல்) வழியாக, கேட்பவர் யார், அவருக்கு இந்தக் கோப்பில் உரிமை உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் தர வேண்டும். கடைசியில் அப்படித்தான் மாற்றினார்கள். இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 ஆபத்துப் பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறு முதலிடத்தில் இருப்பதில் எனக்கு வியப்பே இல்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து:

நல்ல காரியம் செய்தீர்கள், சார். நான் பார்த்த செயலியில் சரிபார்ப்பு மேலேதான் இருந்தது. ஆனால் கோரிக்கையின் பாதை ‘அட்மின்’ என்று சிறிய எழுத்தில் தொடங்குகிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எக்ஸ்பிரஸின் ரூட்டுகளோ இயல்பிருப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பிரித்துப் பார்ப்பதில்லை. முதல் எழுத்தைப் பெரியதாக்கித் தட்டினால் சரிபார்ப்பு ‘இது வேறு பாதை’ என்று விட்டுவிடும். ரூட் ‘இது நம் பாதைதான்’ என்று பக்கத்தைத் திறந்துவிடும். இப்போது பாதையை ஒப்பிடும் வேலையே இல்லை. நிர்வாக ரூட்டுகளை எல்லாம் ஒரே ரூட்டரில் தனியே வைத்து, அதன் தலையிலேயே சரிபார்ப்பைக் கட்டிவிட்டோம்.

பெல்லந்தூரிலிருந்து:

இணையச் செயலி கட்டும் இன்னொரு கருவியான நெக்ஸ்ட் ஜேஎஸ் வைத்திருப்பவர்கள் 2025 மார்ச்சில் வெளியான சிவிஇ-2025-29927 என்ற எண்ணுள்ள பாதுகாப்புக் கோளாறு பற்றிக் கட்டாயம் படியுங்கள். எக்ஸ்-மிடில்வேர்-சப்ரிக்வெஸ்ட் என்ற தலைப்பை (கோரிக்கையோடு போகும் குறிப்பு வரி) வெளியிலிருந்தே கோரிக்கையில் சேர்த்து அனுப்பினால், மிடில்வேர் ஓடாமலே பக்கம் வந்துவிடும். 14.2.25, 15.2.3 பதிப்புகளில் சரிசெய்தார்கள். எங்கள் குழு அன்றே பதிப்பை உயர்த்தியது. தரவை எடுக்கும் இடத்திலும் செஷனை (உள்நுழைந்தவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் பதிவு) சரிபார்த்திருந்ததால், இடைப்பட்ட நேரத்திலும் எங்களுக்குப் பயம் இருக்கவில்லை.

ஒரு சந்தேகம், அண்ணா: வெளியேறிய பிறகும் உலாவியில் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் பழைய பக்கம் தெரிகிறதே?

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

அது உலாவி தன் நினைவில் வைத்திருக்கும் பிரதி, தம்பி. பூட்டிய பக்கங்களுக்குக் கேச்-கன்ட்ரோல் தலைப்பில் நோ-ஸ்டோர், அதாவது ‘சேமித்து வைக்காதே’ என்று அனுப்புங்கள். வெளியேறும்போது, உள்நுழைவு அடையாளமாக உலாவி வைத்திருக்கும் குக்கீயை அழிப்பதோடு சர்வரில் இருக்கும் செஷனையும் அழித்துவிடுங்கள். இல்லையென்றால், குக்கீயை ஏற்கெனவே நகலெடுத்து வைத்திருப்பவருக்கு அந்தச் செஷன் இன்னும் செல்லுபடியாகும்.