ஜிகுராட் பச்சைக்கல்தானே, மழையில் ஏன் கரையவில்லை?

காளவாய்:
இன்றைய ஈராக்கிலுள்ள உர் நகரத்து ஜிகுராட்டின் (அடுக்கடுக்காக எழுப்பிய கோயில் மேடு) உள்ளே முழுக்கச் சுடாத பச்சைக்கல், அதாவது வெயிலில் காயவைத்த மண் செங்கல் என்கிறார்கள். நாலாயிரம் வருஷம் கழித்தும் அடித்தட்டு நிற்கிறது. பாபிலோனில் அதைவிடப் பெரிய எடெமெனான்கி என்ற ஜிகுராட் இருந்த இடத்தில் தண்ணீர் தேங்கிய சதுரப் பள்ளம்தான் மிச்சம். இரண்டும் ஒரே வண்டல் மண் தானே? உர் சுவரில் வரிசையாகத் தெரியும் சின்னத் துளைகள் எதற்கு?

கொத்துக்கரண்டி:
முதலில் ஒன்று. படங்களில் பளிச்சென்று தெரியும் முகப்பும் படிக்கட்டும் பெரும்பாலும் 1980களில் ஈராக் அரசு புதுப்பித்தவை. பழசு உள்ளே இருக்கிறது.

உர் மன்னன் உர்-நம்மு கட்டியது, சுமார் கி.மு. 2100. அடித்தளம் ஏறக்குறைய 64 × 46 மீட்டர். நடுவில் பச்சைக்கல், சுற்றிலும் 2.5 மீட்டர் கனத்துக்குச் சுட்ட செங்கல் போர்வை. சாந்துக்கு நிலக்கீல் (இயற்கையாகக் கிடைக்கும் தார்). எல்லாவற்றையும் சுட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். அந்தச் சமவெளியில் சூளைக்கு விறகு ஏது?

பச்சைக்கல்லில் நறுக்கிய வைக்கோல் சேர்ப்பது முக்கியமாகக் காயும்போது வெடிக்காமலிருக்க. வெள்ளம் வடிந்து வெயில் ஏறும் மூன்றாம் மாதம் சிமானுவுக்குச் 'செங்கல் மாதம்' என்றே பெயர். நிலக்கீல் யூப்ரடீஸ் கரையில் ஹீத் என்ற ஊரிலிருந்து வந்தது. அதை அப்படியே பூசினால் கோடையில் இளகி வழியும், அதனால் களிமண்ணும் நாரும் கலப்பார்கள். கலவை மிஞ்சினால் கல்லில் ஒட்டாது.

இவ்வளவு பெரிய மண்குவியலுக்கு மழையைவிட மோசமான ஆபத்து, ஒரு பக்கம் அதிகமாக அமுங்கி மேலிருந்து கீழ்வரை பிளப்பது. அதைத் தடுக்கத்தான் செங்கல் வரிகளுக்கு நடுவே நாணல் பாய் விரிப்பார்கள். பாக்தாதுக்கு மேற்கே அகர் கூஃபிலுள்ள ஜிகுராட்டுக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏறக்குறைய ஏழு வரிக்கு ஒரு பாய், ஊடே நாணலை முறுக்கிய வடங்கள். போர்வை போய் உள்கூடு மட்டும் 57 மீட்டர் நிற்கிறது. இடையிலுள்ள மண் அரித்துப்போக, நாணல் இருந்த வரிகள் தூரத்திலிருந்து பார்த்தால் கோடு கோடாகத் தெரியும்.

ஓதம்:
துளைகள் பற்றி. போர்வையை ஊடுருவி உள்ளே பச்சைக்கல்வரை போகின்றன. ஈரம் பட்டால் பச்சைக்கல் உப்பும். வெளியே நிலக்கீல் வைத்துக் கட்டிய சுவர் என்பதால் ஈரம் வெளியேற வழியில்லை. போர்வையையே வெளியே தள்ளிவிடும். அகழாய்வு செய்த லியனார்ட் உல்லி, மேல்தட்டில் மரம் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், அது வடியத்தான் துளை என்றார். அழகான கற்பனை, ஆனால் தேவையில்லை. ஈரச் சேற்றில் அடுக்கிய அத்தனை கல்லும் காய வேண்டாமா? மழைநீரும் இறங்கும். துளைக்கு அதுவே போதுமான காரணம்.

பாபிலோன் கதை வேறு. அங்கே இடித்தது மனுஷன். திரும்பக் கட்டுவதற்காக அலெக்சாந்தர் இடிபாட்டை அள்ளச் சொன்னார், கி.மு. 323இல் இறந்துபோனார். கோபுரத்தின் பக்க அளவு 91 மீட்டர். நடுவில் 61 மீட்டர் பச்சைக்கல், சுற்றிலும் 15 மீட்டர் சுட்ட செங்கல். அந்த 15 மீட்டரைத்தான் பின்னால் வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பாபிலோன் மன்னன் நெபுகத்நேசர் முத்திரை பதித்த, சுமார் 33 செ.மீ. சதுரக் கற்கள் பக்கத்து ஹில்லா வீடுகளில் இருக்கின்றன. பெயர்த்த இடம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது, அதனால்தான் தண்ணீர் தேங்கிய பள்ளம். உரில் போர்வை அந்த அளவுக்குக் கொள்ளை போகவில்லை.

காளவாய்:
புரிந்தது. அப்படியானால் ஈரானில், பழைய பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸில் தூணும் கதவு நிலையும் மட்டும் நிற்பது? அது கல் கட்டடம் இல்லையா?

கல்உளி:
பாதிதான் கல். மேடை, தூண், நிலை, படிக்கட்டு கல், சுவர்கள் பச்சைக்கல். கி.மு. 330இல் தீ வைத்தபோது தேவதாரு உத்தரங்களோடு கூரை போனது. கூரை போனால் பச்சைக்கல் சுவர் மழைக்குத் திறந்துவிட்டது. சுவர் கரைந்து நிலைகள் தனியாக நின்றன. அங்குள்ள அபதானா என்ற அரசவை மண்டபத்தில் 72 தூண், உயரம் சுமார் 20 மீட்டர், இப்போது நிற்பவை 13. அவ்வளவு தள்ளித் தள்ளித் தூண் வைக்க முடிந்ததே நீள உத்தரம் கிடைத்ததால்தான். பாபிலோனின் பனைமரத்தை அந்த நீளத்துக்குப் போட்டால் தொய்ந்துவிடும்.

கற்களுக்கு நடுவே சாந்து கிடையாது. இரும்புப் பிடிகளைக் குழியில் வைத்து ஈயம் உருக்கி ஊற்றினார்கள். உலோகத்துக்காகப் பிற்காலத்தவர் நோண்டிய ஓட்டைகள் இப்போதும் தெரியும். சூசா அரண்மனைக் கல்வெட்டில் பாரசீக மன்னன் தாரியஸே சொல்கிறார்: செங்கல் வேலை பாபிலோனியர், கல் வேலை அயோனியரும் (கிரேக்கர்) சார்டிஸ் நகரத்தாரும்.

காளவாய்:
மிச்சமிருக்கும் பச்சைக்கல் சுவர்களைச் சிமெண்ட் பூசிக் காப்பாற்ற முடியாதா?

ஓதம்:
வேண்டவே வேண்டாம். பாபிலோனில் செய்து பார்த்தாயிற்று. அடியிலிருந்து ஓதம் ஏறும், அதோடு உப்பும் ஏறும். சிமெண்ட் மூச்சை அடைப்பதால் ஈரம் பூச்சுக்கு மேலே, பழைய கல்லில் போய் ஆவியாகும்; உப்பு அங்கே பூத்துக் கல்லைப் பொடியாக்கும். வைக்கோல் கலந்த மண்பூச்சுதான் சரி. உப்பு பூச்சிலேயே பூக்கும், உதிர்ந்தால் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். சுவரின் அடியில் மண் குவிந்து மழைநீர் தேங்கவும் விடக்கூடாது, அடி அரித்தால் மேல்பகுதி முழுசாகச் சரியும்.