பத்து நாள் தள்ளிப்போட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

ஞாயிறுவாதி கேட்கிறார்:

என் மனைவியின் அண்ணன் டல்லாஸில் இருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் போன் வந்தால் பத்து நிமிஷம் குடும்ப விஷயம், மீதி ஒரு மணி நேரம் அரசியல். 2020 தேர்தல் முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் எங்களுக்குள் அந்தப் பஞ்சாயத்து மட்டும் தீரவே இல்லை.

அவர் ட்ரம்ப் ஆள். நான் அப்போதுதான் குடியுரிமை வாங்கி முதல்முறையாக ஓட்டுப் போட்டவன், பைடனுக்கு. வழக்கமாக அவர் "திருட்டு ஓட்டு" என்று ஆரம்பிப்பார், எனக்கும் பதில் வரும். போன வாரம் ஆள் பாதையை மாற்றிவிட்டார்.

"திருட்டு நடந்துச்சுன்னே நான் சொல்லலை மாப்ளே. ஆனா கோடிக்கணக்கான பேருக்குச் சந்தேகம் இருந்துச்சா இல்லையா? டெட் க்ரூஸும் இன்னும் பத்து செனட்டர்களும் 2021 ஜனவரி 2ஆம் தேதி என்ன கேட்டாங்க? பத்தே பத்து நாள். ஒரு கமிஷன் போட்டு, சர்ச்சை இருக்கற மாநிலங்களைத் தணிக்கை பண்ணிட்டு அப்புறமா முடிவைச் சொல்லுங்கன்னாங்க. பதவியேற்பு 20ஆம் தேதிதானே? 1877லயே அப்படி ஒரு கமிஷன் போட்டிருக்காங்க. தள்ளிப்போட்டிருந்தா என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? ஜனவரி 6 அன்னிக்குக் கேப்பிடல்ல, அதான் நாடாளுமன்றக் கட்டடத்துல, ஒரு கண்ணாடியாவது உடைஞ்சிருக்குமா?"

நான் திணறிவிட்டேன். உண்மையைச் சொன்னால், கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிகூடத் தெரிந்தது. முடிவில் சர்ச்சை இருக்கிறதென்றால், முறைப்படி கொஞ்ச நாள் நிறுத்திவைத்துப் பார்ப்பதில் என்ன தப்பு? சண்டைக்கு வராமல் யாராவது விளக்குங்கள். அடுத்த ஞாயிறு வருவதற்குள்.

*

கடைசிபெஞ்ச்:

தோற்றவர் கேட்கிற வாய்தா அது. முதலில் பத்து நாள், பிறகு இன்னொரு பத்து நாள். வாய்தா வாங்கத் தெரிந்தவனுக்குக் கேஸில் ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊரறிந்த விஷயம். இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை?

*

எண்ணிப்பார்த்தவள்:

தம்பி, ஜார்ஜியாவில் அந்த ஓட்டுகளைக் கையால் எண்ணியவர்களில் நானும் ஒருத்தி. எந்தக் கவுண்டி என்று சொல்ல மாட்டேன். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு என்னென்ன மிரட்டல் வந்தது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

2020 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை தொடங்கினோம். 18ஆம் தேதி நள்ளிரவுக்குள் முடித்தாக வேண்டும். மேஜைக்கு இரண்டு பேர். ஒருவர் சீட்டை எடுத்து ஜனாதிபதி ஓட்டு யாருக்கு என்று வாய்விட்டுப் படித்துப் பக்கத்தில் கொடுப்பார். அவரும் பார்த்து, அவரும் சொல்லி, அதற்கான அடுக்கில் வைப்பார். ட்ரம்புக்கு ஓர் அடுக்கு, பைடனுக்கு ஒன்று, மூன்றாவது வேட்பாளர் ஜோர்கென்சனுக்கு ஒன்று, புரியாதவை தனியாக. இயந்திரம் படிக்கிற க்யூஆர் கட்டத்தை நாங்கள் சட்டை செய்யவே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பெயரைத்தான் படித்தோம். அப்புறம் பத்துப் பத்தாக எண்ணுவோம். இரண்டு கட்சிப் பார்வையாளர்களும் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார்கள். என் ஜோடி ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர். எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி என் கனவில் யாரோ "டொனால்ட் ஜே. ட்ரம்ப், ஜோசப் ஆர். பைடன்" என்று விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மாநிலம் முழுக்கச் சுமார் 50 லட்சம் சீட்டுகள். ஆறு நாள். தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், தப்பு அகப்பட்டது. ஃபிளாய்ட் கவுண்டியில் கணக்கில் வராமல் விட்டுப்போன சுமார் 2,600 ஓட்டுகள் வெளியே வந்தன. அதில் லாபம் ட்ரம்புக்குத்தான், ஆனால் சில நூறு. எண்ணியதால்தானே அது தெரிந்தது? பிறகு ட்ரம்ப் தரப்பு கேட்டதால் மூன்றாவது தடவை, இயந்திரத்தில். கடைசி வித்தியாசம் 11,779. விஸ்கான்சினில் 30 லட்சம் டாலர் கட்டி இரண்டு கவுண்டிகளில் மறு எண்ணிக்கை வாங்கினார்கள். முடிவில் பைடனுக்கு 87 ஓட்டு கூடியது.

உங்கள் மச்சானிடம் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான். அந்தப் பத்து நாளில் யார், எந்தச் சீட்டை, எந்த மேஜையில் வைத்துப் பார்ப்பதாக இருந்தது? எங்களுக்குக் கொடுத்த ஆறு நாளில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வேலை இருந்தது. க்ரூஸ் கேட்ட பத்து நாளுக்கு என்ன வேலை? ஐந்து செனட்டர், ஐந்து பிரதிநிதி, ஐந்து நீதிபதி உட்கார்ந்து சீட்டு எண்ணுவார்களா? ஒரு மாநிலத்துக்கே எத்தனை ஆயிரம் கை வேண்டியிருந்தது என்று நான் பார்த்தேன். நாள் கேட்பது சுலபம். அந்த நாளில் செய்ய வேலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

*

சட்டப்புழு:

அக்கா சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான். 1877 பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், மச்சான் அதைத்தானே துருப்புச் சீட்டாகப் போட்டார்.

1876இல் ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184 எலெக்டோரல் ஓட்டு (ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் எலெக்டர்கள் போடுவது, ஜனாதிபதியை முடிவு செய்வது அதுதான்). ஜெயிக்க 185 வேண்டும். குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்கு 165. ஃப்ளோரிடா, லூயிசியானா, தென் கரோலினா, ஓரிகன் என நான்கு இடங்களில் 20 ஓட்டு தொங்கலில். இதற்காக 15 பேர் கமிஷன். நடுநிலையானவர் என்று நம்பியிருந்த நீதிபதி டேவிட் டேவிஸை இல்லினாய் சட்டமன்றம் செனட்டராகத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவர் ஒதுங்க, அந்த இடத்துக்கு பிராட்லி வந்தார். எல்லாத் தீர்மானமும் 8க்கு 7. இருபதும் ஹேய்ஸுக்கு. 1877 மார்ச் 2ஆம் தேதி 185-184 என்று முடிந்தது, பதவியேற்புக்கு இரண்டே நாள் இருக்கும்போது. விலை? தெற்கில் மிச்சமிருந்த குடியரசுக் கட்சி ஆட்சிகளைக் காத்துவந்த மத்தியப் படை விலக்கப்பட்டது. கறுப்பின மக்களின் ஓட்டுரிமை அதற்குப் பின் பல பத்தாண்டுகள் காகிதத்தில்தான் இருந்தது. இன்னொன்று, அந்தக் கமிஷன் ஓட்டுச்சீட்டைத் தொடவே இல்லை. மாநிலம் கொடுத்த சான்றிதழுக்குப் பின்னால் போய்ப் பார்க்க மாட்டோம் என்று முடிவெடுத்தது. அதோடு, அன்று ஒரே மாநிலத்திலிருந்து இரண்டு தரப்புச் சான்றிதழ்கள் வந்திருந்தன. 2021இல் மாநில அரசு சான்றளித்தது ஒன்றே ஒன்றுதான்.

ஆனால் தள்ளிவைப்பதே தப்பு என்ற கடைசிபெஞ்சின் பேச்சை நான் ஏற்கவில்லை. கென்யாவைப் பாருங்கள். 2007 டிசம்பர் 30 அன்று முடிவை அறிவித்த கையோடு, இருட்டும் நேரத்தில், ஜனாதிபதி கிபாக்கி மறுபடி பதவிப் பிரமாணம் எடுத்தார். பிறகு நடந்த கலவரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சூடு பட்டுத்தான் 2010 அரசியலமைப்பில் தாமதத்தையே சட்டமாக்கினார்கள். முடிவு அறிவித்த ஏழு நாளுக்குள் மனு, பதினான்கு நாளுக்குள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மனு இருந்தால் தீர்ப்பு வரும்வரை பதவியேற்பு கிடையாது. ரத்தானால் 60 நாளுக்குள் மறுதேர்தல். 2017 செப்டம்பர் 1 அன்று 4க்கு 2 என்று உண்மையிலேயே ரத்து செய்தார்கள். மறுதேர்தலை எதிரணி வேட்பாளர் ஒடிங்கா புறக்கணித்து அது சப்பென்று போனது வேறு கதை.

ஆஸ்திரியாவில் 2016இல் 30,863 ஓட்டு வித்தியாசம். தபால் ஓட்டுகளை விதிக்கு முன்னதாகவே பிரித்துவிட்டார்கள் என்று நீதிமன்றம் இரண்டாம் சுற்றையே செல்லாததாக்கியது. யாரும் ஓட்டைத் திருத்தியதாகச் சாட்சி இல்லை. விதி மீறலில் சிக்கிய சீட்டுகள் 77,926, வித்தியாசத்தைவிட அதிகம், அது போதும் என்றார்கள். மறுதேர்தலை அக்டோபரில் வைத்தால் தபால் உறையின் பசை ஒட்டவில்லை, டிசம்பருக்குத் தள்ளினார்கள்! (ஐரோப்பியத் தரம்.) பழைய ஜனாதிபதியின் காலம் ஜூலை 8இல் முடிந்ததும் நாடாளுமன்றத் தலைவர்கள் மூவர் சேர்ந்து அந்தப் பொறுப்பைப் பார்த்தார்கள்.

இந்தியா நேர் எதிர். பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தல் முடிந்தாக வேண்டும், வழக்கு பின்னால் வரட்டும் என்கிறது. 1969இல் ஜெயித்த வி.வி. கிரி, ஜனாதிபதியாக இருந்துகொண்டே உச்ச நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும் அதுவரை போட்ட கையெழுத்துகள் செல்லும் என்று அரசியலமைப்பின் பிரிவு 71 சொல்கிறது.

என் பார்வையில் பெரிய கேள்வி, அந்த இடைக்காலத்தில் நாற்காலியில் யார் என்பது. காம்பியாவில் 2016 டிசம்பரில் ஜனாதிபதி ஜம்மே தோல்வியை ஒப்புக்கொண்டார், ஒரு வாரத்தில் மாட்டேன் என்றார். நாடாளுமன்றம் அவர் காலத்தை 90 நாள் நீட்டித்தது. அதுவும் "முறைப்படி"தான்! ஜெயித்த பாரோ பக்கத்து நாடான செனகலில், டாக்காரில் இருக்கும் காம்பியத் தூதரகத்தில் பதவியேற்க வேண்டி வந்தது.

அமெரிக்காவில் ஜனவரி 20 நண்பகலில் பழையவர் காலம் முடிந்தே தீரும், 20ஆவது திருத்தம். அதற்குள் யாரையும் அறிவிக்கவில்லை என்றால் வரிசையில் அடுத்தவர் சபாநாயகர். மச்சானுக்கு இதைச் சொல்லுங்கள்: இழுத்திருந்தால் வந்திருக்க வேண்டியவர் நான்சி பெலோசி.

*

ஞாயிறுவாதி:

பெலோசி விஷயத்தை நேற்றே போன் போட்டுச் சொல்லிவிட்டேன், ஞாயிறுவரை தாங்கவில்லை. கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை.

ஆனால் அவர் விடவில்லை. "அப்ப 2000ல? புஷ்கிட்ட தோத்த அல் கோர் 36 நாள் இழுத்தாரே, அது மட்டும் ஜனநாயகமா? வானம் இடிஞ்சு விழலையே?" என்கிறார். அக்கா, இதற்கு என்ன சொல்வது?

*

எண்ணிப்பார்த்தவள்:

இந்த இடத்தில் மச்சான் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, எனக்கே சங்கடமான இடம்.

ஃப்ளோரிடாவில் சுமார் 60 லட்சம் ஓட்டில் வித்தியாசம் 537. அது நிஜமான சந்தேகம். துளை முழுதாக விழாமல் துணுக்கு தொங்கிய சீட்டுகளை ஆட்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். அங்கே செய்ய வேலை இருந்தது, நாள் கொடுத்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் எண்ணுவதை நிறுத்தியது. 12ஆம் தேதி ராத்திரி, இன்றோடு கெடு முடிகிறது, இனி எண்ண நேரமில்லை என்று தீர்ப்பு. மூன்று நாள் கையைக் கட்டிவிட்டு, நேரமில்லை என்றால்? மேஜையில் உட்கார்ந்து எண்ணியவள் என்ற முறையில் எனக்கு அது இன்னும் ஆறவில்லை. கெடுவும் ஓர் ஆயுதம்தான், தாமதம் மாதிரியே.

வானம் இடியவில்லை என்பதும் முழு உண்மை அல்ல. புஷ் ஆட்கள் பொறுப்பேற்கத் தயாராகும் காலம் பாதியாகக் குறைந்து முக்கியப் பதவிகள் நிரம்பத் தாமதமானதை செப்டம்பர் 11 விசாரணைக் கமிஷனே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது.

அவருக்கு 1960 ஹவாயைச் சொல்லிப் பாருங்கள். முதல் கணக்கில் நிக்சன் 141 ஓட்டில் முன்னால். மறு எண்ணிக்கை நடக்கும்போதே டிசம்பர் 19 வந்துவிட்டது, எலெக்டர்கள் ஓட்டுப் போட வேண்டிய நாள். தேதியை யாரும் தள்ளவில்லை. இரண்டு கட்சி எலெக்டர்களும் கூடித் தனித்தனியாக ஓட்டுப் போட்டு வைத்தார்கள். எண்ணிக்கை பாட்டுக்கு ஓடியது. 30ஆம் தேதி தீர்ப்பு, கென்னடி 115 ஓட்டில் வெற்றி. நிக்சனின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநரே புதுச் சான்றிதழ் அனுப்பினார். ஜனவரி 6 அன்று நாடாளுமன்ற மேடையில் அதைப் பிரித்தவர் துணை ஜனாதிபதி. மூன்று ஓட்டையும் கென்னடிக்குப் போடுங்கள் என்று தானே சொன்னார்.

*

சட்டப்புழு:

2020இலும் சில மாநிலங்களில் அந்த மாதிரி இரண்டாவது எலெக்டர் கூட்டம் நடத்தினார்கள், ஹவாயைக் காட்டித்தான். ஆனால் அங்கே மறு எண்ணிக்கை பாக்கி இருந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். துணை ஜனாதிபதி வேலை சடங்கு மட்டும், இரு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்து இல்லாமல் ஆட்சேபமே எழுப்ப முடியாது.

*

ஞாயிறுவாதி:

ஹவாய் கதையை முழுசாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அந்தத் துணை ஜனாதிபதி யாரு?" என்றார்.

"நிக்சன்தான் மச்சான். தோத்தவரே தான் தோத்ததைப் படிச்சாரு."

"வாட்டர்கேட் நிக்சனா?"

"அவரேதான்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, குழந்தைக்கு ஜுரம் எப்படி இருக்கு?" என்றார். அடுத்த வாரம் என்ன கொண்டுவருகிறார் என்று பார்க்க வேண்டும்.